பீருக்குத் தண்ணீர் பார்க்க ஒரு மீன்தொட்டிப் பெட்டி

சாலிஃபெர்ட் என்று ஒரு ஹாலந்து கம்பெனி. கடல்மீனும் பவளமும் வளர்ப்பவர்களுக்காகத் தண்ணீர் சோதிக்கும் மருந்துப் பெட்டிகள் செய்கிறார்கள். அவற்றில் தண்ணீரின் காரத்தன்மையை அளக்கும், கேஎச் என்று போட்ட பெட்டி ஒன்று இரண்டரை வருடமாக என் சமையலறை அலமாரியில், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என்னிடம் மீன்தொட்டி கிடையாது. நான் லண்டன் வால்தம்ஸ்டோவில் குடியிருந்துகொண்டு வீட்டில் பீர் காய்ச்சுபவன். இதற்காக நான் வாங்கிய சாமான்களில், 33 லிட்டர் பானை, அடுப்பு, நொதிக்க வைக்கும் வாளி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், என் பீரை அதிகம் மாற்றியது 10 பவுண்டுக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கிய இந்தச் சின்னப் பெட்டிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதற்கு முன் வாங்கி ஏமாந்தவற்றையும் சேர்த்து.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் அது சட்டப்படி குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் இதைத் தண்ணீரைப் பற்றிய எழுத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோயமுத்தூர்க்காரன். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்குத் தண்ணீருக்கும் ருசி உண்டு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் எங்கள் வீட்டில் இரண்டு குழாய்கள். ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று போர்த்தண்ணி. பருப்பும் காபியும் நல்ல தண்ணியில்தான். போர்த்தண்ணியில் பருப்பு வேகாது, குண்டா அடியில் வெள்ளையாகப் படியும். லண்டன் வந்த புதிதில் இங்குள்ள கெட்டிலைத் திறந்து பார்த்தபோது எனக்கு அந்தக் குண்டாதான் ஞாபகம் வந்தது. அம்மா மூன்று மாதம் வந்து தங்கியிருந்தபோது முதல் வாரமே கேட்டார்: "ஏன் கண்ணு, இந்த ஊர்லயும் போர்த்தண்ணிதானா?" ஒருவகையில் ஆமாம். லண்டனுக்கு வரும் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை நிறைந்த நிலத்தின் வழியாக வருகிறது. குடிக்க எந்தக் குறையும் இல்லாத தண்ணீர். ஆனால் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர்.

பீர் காய்ச்ச ஆரம்பித்த முதல் வருடம் இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. மாரிஸ் ஆட்டர் மால்ட் (முளைகட்டிய பார்லி), ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ், நல்ல ஈஸ்ட் என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் பார்க்காமல் குழாயிலிருந்து நேராகப் பிடித்தேன். முதல் ஐந்து காய்ச்சலிலும் இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, டெட்டால் வாசனை. இன்னொன்று, நாக்கின் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும் துவர்ப்பு, ரொம்ப நேரம் கொதிக்கவிட்ட டீயைப் போல.

டெட்டால் வாசனைக்குத் தீர்வு சீக்கிரமே கிடைத்தது. குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகச் சேர்க்கும் குளோரினோ குளோரமினோ, மால்ட்டிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் வரும் ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகிறது. டெட்டாலில் இருக்கும் மருந்தும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், அதனால்தான் அந்த வாசனை. குளோரின் கொதித்தால் போய்விடும், குளோரமின் அவ்வளவு சுலபமாகப் போகாது. இதற்குக் கேம்ப்டன் மாத்திரை இருக்கிறது. மெட்டாபைசல்ஃபைட் உப்புதான், சில பென்ஸ் விலை. 30 லிட்டருக்கு அரை மாத்திரையை நசுக்கிப் போட்டுக் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இதற்குச் சோதனைகூடத் தேவையில்லை. குழாய்த் தண்ணீர் என்றால் போட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

துவர்ப்புதான் என்னை ஒரு வருடம் அலைக்கழித்தது.

தண்ணீரில்தான் கோளாறு என்று சந்தேகம் வந்ததும் நான் செய்த முதல் தவறு டிடிஎஸ் மீட்டர் வாங்கியது. பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் நனைத்தால் ஒரு எண் வரும். எண் குறைவாக இருந்தால் சுத்தம், அதிகமாக இருந்தால் அசுத்தம் என்று நம் ஊரில் ஆர்ஓ மெஷின் விற்க வருபவர்கள் மனதில் பதித்துவிட்டுப் போன பாடம் அது. அவர்கள் செய்துகாட்டும் இன்னொன்றும் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு கம்பிகளை டம்ளரில் விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் சேறு மாதிரி பழுப்பாகும், ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருக்கும். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லை, கரண்ட் பாயவில்லை, அதனால் கம்பி கரையவில்லை. டிடிஎஸ் மீட்டரும் அதே சங்கதியைத்தான் அளக்கிறது: தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி, இத்தனை உப்பு இருக்கலாம் என்று சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. பீருக்கு வேண்டியதோ எந்த உப்பு என்பதுதான்.

இதை நம்பாமல் ஒரு நாள் வீட்டிலேயே செய்து பார்த்தேன். கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரை இரண்டு டம்ளர்களில் ஊற்றி, ஒன்றில் ஆப்ப சோடா, இன்னொன்றில் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்), மீட்டர் இரண்டிலும் 200 காட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். மீட்டரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தண்ணீர். ஆனால் ஜிப்சம் கலந்த தண்ணீரில் வெளிர் நிற பீர் காய்ச்சினால் ஹாப்ஸின் கசப்பு பளிச்சென்று நிற்கும். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் பேல் ஏல் என்ற வெளிர் நிற பீருக்குப் பேர் வாங்கியதே கிணற்றுத் தண்ணீரிலிருந்த ஜிப்சத்தால்தான். சோடா கலந்த தண்ணீரில் அதே பீரைக் காய்ச்சினால் எனக்கு வந்த அதே துவர்ப்பு வரும். பிறகு சாலிஃபெர்ட் பெட்டி கைக்கு வந்ததும் அதே இரண்டு கலவைகளையும் மறுபடி செய்து அளந்தேன். ஜிப்சம் டம்ளரில் முதல் ஓரிரு சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது, அதாவது காரத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. சோடா டம்ளரில், பெட்டியின் டிகிரிக் கணக்கில், 12.5 வந்தது. அன்றைக்குப் பிறகு டிடிஎஸ் மீட்டரை நான் பீருக்காகத் தொடவில்லை. ஆர்ஓ மெஷின் வைத்திருந்து அதன் சவ்வு நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க அது போதும். அதற்கு மேல் அதைக் கேட்கக் கூடாது.

இரண்டாவது தவறு நீச்சல்குளத்துக்காக விற்கும் பட்டைக் காகிதம். நனைத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அட்டையில் 180க்கு ஒரு பச்சை, 240க்கு ஒரு பச்சை. என் தண்ணீர் எந்தப் பச்சை என்று நானும் மனைவியும் ஆளுக்கொரு பதில் சொன்னோம். இந்த 60 வித்தியாசம் நீச்சல்குளத்துக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம். பீரில் அது பெரிய வித்தியாசம்.

தண்ணீர் கம்பெனியின் அறிக்கையையும் பார்த்தேன். தபால் குறியீடு கொடுத்தால் வருடம் முழுவதற்குமான குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி வரும். குடிநீர் பாதுகாப்பானதா என்று தெரிந்துகொள்ள அது போதுமானது. எனக்கு வேண்டியது இந்தச் சனிக்கிழமை காலை என் குழாயில் வருவது என்ன என்பது.

சரி, இந்தக் காரத்தன்மை பீரில் என்ன செய்கிறது? நம் சமையலறையில் வைத்துச் சொன்னால் சுலபம். ரசத்துக்குப் புளி கரைத்து வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா விழுந்துவிட்டது. நுரைக்கும், புளிப்பு செத்துவிடும். பீர் காய்ச்சும்போது பொடித்த மால்ட்டை 66, 67 டிகிரி சூட்டில் தண்ணீரில் ஊறவைக்கிறோம். இதை மாஷ் என்பார்கள். ஸ்டார்ச் சர்க்கரையாவது இந்த ஒரு மணி நேரத்தில்தான். அந்த ஊறலுக்கு ஒரு மெல்லிய புளிப்பு தேவை, பிஎச் 5.2லிருந்து 5.6க்குள் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). மால்ட்டிலேயே அந்தப் புளிப்பு ஓரளவு இருக்கிறது. தண்ணீரிலுள்ள கால்சியம் மால்ட்டின் பாஸ்பேட்டோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் புளிப்பை வெளியே கொண்டுவரும். தண்ணீருக்குக் காரத்தன்மை தரும் பைகார்பனேட்டோ ஆப்ப சோடாவின் வேலையைச் செய்கிறது. வருகிற புளிப்பையெல்லாம் விழுங்கிவிடுகிறது. பிஎச் 5.8, 5.9 என்று ஏறும். உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். என் டீத் துவர்ப்புக்குக் காரணம் இதுதான்.

கால்சியம் ஒரு பக்கம் இழுக்க, பைகார்பனேட் மறுபக்கம் இழுக்க, கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கும் கணக்கை 1953இல் பால் கோல்பாக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் கொடுத்தார். காரத்தன்மையிலிருந்து, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும் கால்சியத்தை 1.4ஆலும் மக்னீசியத்தை 1.7ஆலும் வகுத்துக் கழிக்க வேண்டும். என் தண்ணீருக்கு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்: காரத்தன்மை 234, கால்சியம் 110, மக்னீசியம் 5. மிச்சம் சுமார் 152. வெளிர் நிற பீருக்கு இது பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பது நல்லது. வறுத்த கறுப்பு மால்ட் போட்டுக் காய்ச்சும் போர்ட்டர், ஸ்டவுட்டுக்கு 152 பெரிய தொந்தரவு அல்ல, ஏனென்றால் வறுத்த மால்ட்டுக்கே புளிப்பு அதிகம், அது பைகார்பனேட்டைச் சமாளித்துவிடும். என் ஆறாவது காய்ச்சல் ஒரு ஸ்டவுட். அதுவரை காய்ச்சியதில் அது மட்டும் நன்றாக வந்ததன் ரகசியம் எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது. செக் நாட்டின் பில்சன் ஊரில் 1842இல் பொன்னிற பீர் பிறந்ததற்கு அங்கிருந்த மிக மென்மையான தண்ணீரும் ஒரு காரணம். ஒவ்வொரு ஊர்த் தண்ணீரும் தனக்கேற்ற பீரை வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமான விஷயம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. பிஎச் என்ற அளவே பீரோடு சம்பந்தப்பட்ட இடத்தில்தான் பிறந்தது. 1909இல் அதை அறிமுகப்படுத்திய சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இன்று பள்ளிக்கூடப் பையன்கள் லிட்மஸ் காகிதத்தோடு படிக்கும் பாடத்துக்கு அங்கிருந்துதான் பெயர் வந்தது.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். உள்ளே ஒரு சின்ன இண்டிகேட்டர் பாட்டில், ஒரு பெரிய மருந்து பாட்டில், தண்ணீர் அளக்க ஒரு சிரிஞ்ச், மருந்து விட 1 மில்லி சிரிஞ்ச், அதற்கு ஒரு பிளாஸ்டிக் மூக்கு, ஒரு குப்பி, ஒரு அட்டவணை. குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு, 4 மில்லி தண்ணீரைக் குப்பியில் விடுகிறேன். இண்டிகேட்டர் 4 சொட்டு. தண்ணீர் நீலப்பச்சை ஆகிறது. 1 மில்லி சிரிஞ்சில் மருந்தை நிரப்பி, ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியை ஆட்ட வேண்டும். நிறம் வெளுத்து, சாம்பல் மாதிரி ஒரு கணம் இருந்து, சட்டென்று இளஞ்சிவப்புக்கு மாறும். அங்கே நிறுத்தி, சிரிஞ்சில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே படிக்க வேண்டும். மொத்தம் மூன்று நிமிடம். பள்ளியில் பியூரெட், பிப்பெட் வைத்து டைட்ரேஷன் செய்தது ஞாபகமிருந்தால், இது அதேதான், உள்ளங்கையில்.

முதல்முறை செய்பவர்கள் தடுமாறுவது சிரிஞ்சை நிரப்பும்போது. பிளாஸ்டிக் மூக்கில் இருந்த காற்று உள்ளே வந்து, பிஸ்டனுக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரியும். அதைப் பார்த்துப் பதறி வெளியேற்ற வேண்டாம். கறுப்புப் பிஸ்டனின் கீழ் விளிம்பு 1.00 கோட்டில் நின்றால் போதும், கடைசியிலும் அதே விளிம்பைத்தான் படிக்க வேண்டும். இன்னொன்று வெளிச்சம். எங்கள் சமையலறையின் மஞ்சள் பல்புக்குக் கீழே சாம்பலையும் இளஞ்சிவப்பையும் பிரிப்பது கஷ்டம். ஜன்னலருகே வெள்ளைத் தட்டின் மேல் குப்பியை வைத்துச் செய்கிறேன். பகல் வெளிச்சத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அட்டவணை ஜெர்மன் டிகிரியில் இருக்கும். அதை 17.9ஆல் பெருக்கினால் பீர்க் கணக்குகளில் வரும் அளவு, அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்பது கிடைக்கும். இந்த ஒரு பெருக்கலைத் தெரியாமல் விட்டுவிட்டு, 13 என்ற எண்ணை நேராகக் கணக்கில் போட்டு "என் தண்ணீர் ரொம்ப மென்மை" என்று சந்தோஷப்பட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய 13 என்பது 233. பெட்டிக்குள் இருக்கும் காகிதம் மீன் வளர்ப்பவர்களுக்காக எழுதியது, பீரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. இந்த 17.9ஐ மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி சொல்வது சரிதானா என்றும் சோதித்தேன். இதற்கு லேப் வேண்டாம். சோடியம் பைகார்பனேட் 84 மில்லிகிராமை ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் காரத்தன்மை சரியாக 50. நகை நிறுக்கும் மாதிரிச் சின்னத் தராசில் 4.2 கிராம் நிறுத்து ஒரு லிட்டரில் கரைத்தேன். அதில் 100 மில்லியை எடுத்து, மறுபடி ஒரு லிட்டராக்கினேன். கணக்குப்படி அந்தத் தண்ணீர் 250, அதாவது 14 டிகிரி. பெட்டி 13.8 காட்டியது. மறுபடி செய்தேன், 14.1. சமையலறையில் இதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு புதுப் பெட்டி வாங்கியதும் ஒருமுறை இப்படிப் பார்த்துவிடுகிறேன். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு, அதையும் பாருங்கள்.

இந்த இரண்டரை வருடத்தில் என் குழாய்த் தண்ணீரை அளந்த நோட்டைப் புரட்டினால், 11.5 முதல் 14.1 வரை வந்திருக்கிறது. 206 முதல் 252 வரை. இந்த ஏற்ற இறக்கம் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காரத்தன்மையைக் குறைக்க இங்கே வீட்டில் காய்ச்சுபவர்கள் பலரும் சிஆர்எஸ் என்ற கரைசலைச் சேர்க்கிறோம். ஹைட்ரோகுளோரிக், சல்ஃப்யூரிக் அமிலங்கள் உணவுத் தரத்தில் கலந்தது. லிட்டருக்கு 1 மில்லி விட்டால் காரத்தன்மை சுமார் 183 குறையும். நான் காய்ச்சும் பேல் ஏலுக்கு 30 அளவில் கொண்டுவர வேண்டும், தண்ணீர் 30 லிட்டர். 206 என்றால் 29 மில்லி போதும். 252 என்றால் 36 மில்லி வேண்டும். 206 வந்த நாளில் அளக்காமல் 36 மில்லி ஊற்றினால் காரத்தன்மை பூஜ்யத்துக்கும் கீழே போய், பீர் மெலிந்து புளிப்பாகும். 252 வந்த நாளில் 29 ஊற்றினால் பழைய துவர்ப்பு எட்டிப்பார்க்கும். மூன்று நிமிடச் சோதனை இந்த ஏழு மில்லியைச் சொல்லிவிடுகிறது. எனக்கு இந்தப் பெட்டி மேல் இருக்கும் மரியாதை முழுவதும் இந்த ஏழு மில்லியில் இருக்கிறது.

கரைசலை விட்டபின் நன்றாகக் கலக்கி, கரியமில வாயு வெளியேறக் கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி அளக்கிறேன். 1.6 அல்லது 1.9 டிகிரி வந்தால் சரி. அமிலம் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். இதோடு குளோரைடும் சல்ஃபேட்டும் கொஞ்சம் ஏறும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமிலமே வேண்டாம் என்பவர்கள் தண்ணீரை முதல்நாள் இரவே கொதிக்கவைத்து, அடியில் படியும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேல் தண்ணீரை எடுக்கலாம். பழைய வழி அதுதான். எவ்வளவு குறைந்தது என்று அதையும் இந்தப் பெட்டியில் பார்த்துக்கொள்ளலாம்.

இதை வைத்து வீட்டில் வேறு சிலவற்றையும் அளந்தேன். வடிகட்டும் ஜக் ஒன்று எங்களிடம் இருக்கிறது. புது ஃபில்டர் போட்ட அன்று 13.1 என்ற தண்ணீர் 4க்கு இறங்கியது. மூன்றாவது வாரம் அதே ஃபில்டரில் 9. ஆகவே ஜக் தண்ணீரில் காய்ச்சுபவர்கள் ஃபில்டர் புதிதா பழையதா என்பதைப் பொறுத்து வேறு வேறு தண்ணீரில் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் நண்பர் வீட்டில் உப்புப் போடும் வாட்டர் சாஃப்ட்னர் இருக்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கிறது, கெட்டிலில் படிவது இல்லை, ஆகவே பீருக்கும் நல்ல தண்ணீர் என்று அவர் நினைத்திருந்தார். அளந்தபோது 13, என் குழாயைப் போலவே. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, பைகார்பனேட்டைத் தொடுவதே இல்லை. பீருக்குத் தேவையான கால்சியம் போய், தேவையில்லாத பைகார்பனேட் தங்கிவிடுகிறது. சாஃப்ட்னருக்கு முன்னால் சமையலறையில் ஒரு நேர்க்குழாய் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

பெட்டியால் ஆகாதவையும் உண்டு. கால்சியம், சல்ஃபேட், குளோரைடு இவற்றை அது சொல்லாது. அதற்கென்று செய்ததும் அல்ல. இவற்றுக்காக வருடம் ஒருமுறை லேபுக்கு ஒரு பாட்டில் அனுப்புகிறேன். என் தண்ணீரில் இவை காரத்தன்மை அளவுக்கு ஆடுவதில்லை, அதனால் ஒருமுறை போதும். அமெரிக்காவில் இருப்பவர்கள் நெப்ராஸ்காவிலுள்ள வார்டு லேபாரட்டரீஸுக்குப் பீர்த் தண்ணீர்ச் சோதனைக்கென்றே அனுப்புவார்கள். அதன் அறிக்கையில் சல்ஃபேட்டைக் கந்தகமாக எழுதியிருந்தால், மூன்றால் பெருக்கிக்கொள்ள மறக்காதீர்கள். சொந்தக் கிணறு அல்லது போர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி போதவே போதாது. நைட்ரேட், இரும்பு, கிருமி எல்லாம் லேபில் பார்த்த பிறகுதான் மால்ட் வாங்க வேண்டும். எங்கள் வீடு விக்டோரியா காலத்து வீடு. இப்படிப்பட்ட வீடுகளில் பழைய ஈயக்குழாய் இருக்க வாய்ப்பு உண்டு, அதையும் தனியாகச் சோதித்துக்கொண்டோம். வெந்நீர்க் குழாயிலிருந்து பீருக்குத் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

பிஎச் மீட்டர் வேண்டுமா என்று கேட்பார்கள். குழாய்த் தண்ணீரின் பிஎச் அளக்க வேண்டாம், 7.5 என்று வந்தால் அதிலிருந்து மாஷில் என்ன ஆகும் என்று ஒன்றும் தெரியாது. மாஷை அளக்க வேண்டும் என்றால் வாங்குங்கள். பிஎச் 4, 7 என்று அளவு தெரிந்த கரைசல்களை வைத்து ஒவ்வொரு முறையும் மீட்டரைச் சரிபார்த்து, மாஷை ஒரு கரண்டி எடுத்து அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு அளக்க வேண்டும். என்னிடம் ஒன்று உண்டு. சிகிச்சை செய்யாத தண்ணீரில் 5.8 இருந்த மாஷ், இப்போது 5.3, 5.4இல் நிற்கிறது. ஆனால் கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் சாலிஃபெர்ட் பெட்டியை வாங்குங்கள். பிஎச் மீட்டர் நடந்துமுடிந்ததைச் சொல்லும், இது நடக்கப்போவதைச் சொல்லும்.

எங்கே கிடைக்கும் என்றால், கடல்மீன் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. நான் முதல் பெட்டி வாங்கிய கடையில், தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டார்கள். பீருக்கு என்றேன். கடைக்காரர் ஆச்சரியப்படவே இல்லை. மாதத்துக்கு இரண்டு பேராவது அதற்காக வருகிறார்கள் என்றார். அவர்தான் மருந்துக் குப்பியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, வெயில் படாமல் வைக்கச் சொன்னார்.

போன கோடையில் காய்ச்சிய பேல் ஏல் என் நோட்டில் முப்பத்தொன்றாவது. பாட்டிலில் அடைத்து மூன்று வாரம் கழித்துத் திறந்தபோதும் துவர்ப்பு இல்லை; கசப்பு வந்து, நின்று, சுத்தமாக இறங்குகிறது. அடுத்த சம்மருக்கு அம்மா வரும்போது ஃபில்டரில் வடித்த, காரத்தன்மை 4 டிகிரிக்கு இறங்கிய தண்ணீரில் பருப்பு வேகவைத்துக் காட்டப்போகிறேன், அவருக்குப் பீரில் அக்கறை இல்லை.

இன்று சனிக்கிழமை. காலையில் அளந்தபோது 12.8. பதினேழு புள்ளி ஒன்பதால் பெருக்கினால் 229. முப்பது லிட்டருக்கு 33 மில்லி விட்டு, அரை மாத்திரை போட்டுக் கலக்கி, காபி குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தேன். 1.6. அடுப்பைப் பற்றவைத்தாயிற்று, மால்ட் அரைக்கப் போகிறேன்.